கறுப்புக் கோடு போட்ட துப்பட்டி

மார்கழி 9, வியாழன்
பனி. விடிஞ்சும் நகரி மலை தெரியலே. நாளைக்கு சித்தூர், மெண்டல் ஆஸ்பத்திரி மேற்பார்வைக் கமிட்டி. நெசவாளர் சங்கத்து ஆளுன்னு என்னையும் போட்டுக்கீறாங்க. எடுத்துக்கினு போறது: கண்ணாடி, பேனா, மஃப்ளர்.

போன தடவை விசிட்டர் புஸ்தகத்துல 'சவுகரியங்கள் திருப்தி'ன்னு எழுதிக் கையெழுத்து போட்டேன். பெண்கள் வார்டு ருக்குமணி பார்த்துட்டுச் சிரிச்சா. "அது அவ சீக்கு"ன்னார் சூப்பரிண்டெண்டு. அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்திக்கினே கீது.

10, வெள்ளி
பஸ்ஸுல எந்த ஊரு எந்த ராஜ்யத்துக்குன்னு எல்லைச் சண்டை. "திருத்தணி மெட்ராஸுக்கு, நகரி நமக்கு." "நமக்குன்னா யாருக்குய்யா?" காது புளிச்சிப் போச்சு.

முதல்ல ஆண்கள் வார்டு. கட்டிலுக்கு ஒரு துப்பட்டி, மடிப்பு கலையாம. எல்லாம் எங்க சங்கத்துச் சரக்கு. மூணாவது கட்டில்ல, ஐயோ என் மானம்! முந்தியில மூணு கோடும் சிவப்பா வரணும். நடுவுல கறுப்பு. அவசரத்துல தறியில ஓட்டற நூல் நாடாவை மாத்தி எடுத்து நெய்தது நான்தான். சங்கத்துல யாரும் பார்க்கலேன்னு தள்ளிவிட்டது. பார்க்காத மாதிரி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துட்டேன்.

அப்புறம் ஆபீஸ்ல இட்லி, காபி. எப்பவும் நடுவுல இந்த உபசாரம் உண்டு. பிறகு பெண்கள் வார்டு. எல்லாம் நல்லாருக்குன்னு, "அந்தா பாகுந்தண்டி"ன்னு சொல்லிக்கினே வந்தார் சூப்பரிண்டெண்டு. ருக்குமணி என்னாண்ட: "காபி ஆச்சாண்ணா? நீங்க துன்னு முடிக்கறதுக்குள்ள துப்பட்டி வந்துட்டுது பாருங்க. நீங்க போனா அதுவும் போயிடும்."

அவ கட்டில்ல அதே கறுப்புக் கோடு.

சொன்னா என் தப்பு சந்தி சிரிக்கும். சொல்லாட்டி இந்தப் பனியில இவங்க கோணி போத்திக்கினு கிடப்பாங்க. சொல்லிட்டேன். "வேற ஒண்ணா இருக்கும்"னார் சூப்பரிண்டெண்டு. "இல்லீங்க. தப்பா நெய்தவன் நானு. ஒண்ணே ஒண்ணு. மூலையில என் முடிச்சு கூட கீது."

கமிட்டித் தலைவர் ரிடையர்டு முன்சீப். விடுவிடுன்னு ஆண்கள் வார்டுக்குத் திரும்பி நடந்தார். அங்க ஒரு கட்டில்லயும் துப்பட்டி இல்லே.

புஸ்தகத்துல என் பழைய கையெழுத்துக்குக் கீழயே எழுதினேன்: 'முன்பு எழுதியது தவறு.' முன்சீப்புக்குக் கோடி கும்பிடு. ருக்குமணிக்கு அதுக்கும் மேல.

11, சனி
சங்கத்துல நல்ல கேலி. "கமிட்டிக்காரரே, கண்ணாடி போட்டுக்கினா நெய்தீங்க?" வீட்டுல சம்சாரம்: "உருப்படியா நீ பண்ண ஒரே தப்பு." சிரிப்பு தாங்கலே.

20, திங்கள்
புது துப்பட்டி ஆர்டர், ரெண்டு வார்டுக்கும். எங்க சங்கத்துக்கே. ஆஸ்பத்திரிக்குப் போய் ருக்குமணியாண்ட நானே சொன்னேன். சிரிக்கலே. பழசை இறுக்கிப் பிடிச்சிக்கினா. "இது நகர்ந்தா எனக்குத் தெரியும்ணா. புதுசு நகர்ந்தா எப்படித் தெரியும்?"

கண்ணுல தண்ணி வந்துட்டுது. முன்சீப் வீட்டுக்குப் போய் ஒரு யோசனை சொல்லி, செய்யலாமான்னு கேட்டேன். "தாராளமா"ன்னார். நல்ல மனுசன்.

21, செவ்வாய்
தூறல். தறியில ஈரம். பெண்கள் வார்டுக்கு முதல் துப்பட்டி. முந்தியில ஒரு சிவப்புக் கோடு விழுந்துது. கறுப்பு நாடாவை எடுத்தேன், இந்தத் தடவை தெரிஞ்சே.