கீழே வைத்த இரண்டு ராஜாக்கள்

ரீனோ, நெவாடா
பிப்ரவரி 19

அன்பு மகள் கொலெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பனி வருமுன்பே முழங்கால் மட்டும் அதைச் சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தில் இப்போது வெயில் காலம் என்பதால் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் சீட்டு மேசையில் மயங்கி விழவில்லை, அழவில்லை, கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் இரண்டு ராஜாக்களைத் தூக்கி எறியவும் இல்லை. உன் அண்ணன் டெஸ்மண்ட் உனக்கு அப்படித்தான் எழுதியிருப்பான். அவன் மனைவி சார்லீன் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலிலேயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள், அவர்களில் இரண்டு பேர் எனக்குக் கோழிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீ சீட்டைத் தொடாதவள், அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வியாழன் மதியங்களில் கிளப்பில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஒரு போக்கர் போட்டி வைக்கிறார்கள். அதில் பரிசு பணம் இல்லை. கடைசியில் மிஞ்சும் ஐந்து பேருக்கும் ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் நடக்கும் பெரிய போட்டியில் ஆளுக்கு ஒரு இடம். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி இடம்தான், முதலில் வந்தவருக்குக் கூடுதலும் இல்லை, ஐந்தாவதாக வந்தவருக்குக் குறைவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அன்று மேசையில் ஆறு பேர் மிச்சம். என்னைவிட அதிகப் பந்தயச் சில்லு வைத்திருந்தவன் ஹார்லன் ஒருவன்தான், டயர்க் கடை வைத்திருந்தானே, தலையில் தொப்பியைக் கழற்றவே மாட்டான், அவன். என் இடது பக்கத்தில் பிளம்பர் வெண்டெல், அவனிடம் இரண்டே சில்லு. அடுத்த ஆட்டத்தில் கட்டாயப் பந்தயம் அவன் முறை, அந்த இரண்டு சில்லையும் வைத்தே ஆகவேண்டும். எனக்கு ஸ்பேடு ராஜாவும் ஹார்ட் ராஜாவும் வந்தன, ஜோடிகளில் அதைவிடப் பெரியது இரண்டு ஏஸ் மட்டும்தான். ஹார்லன் தன்னிடம் இருந்த அத்தனையையும் முன்னே தள்ளினான். மற்றவர்கள் விலகிவிட்டார்கள், என் பதில் மட்டும்தான் பாக்கி.

நான் எதிர்த்து நின்று ஜெயித்தால் எனக்குக் கிடைப்பது அதே ஒரு இடம். தோற்றால் என் சில்லு அத்தனையும் போய் நான் வீட்டுக்குப் போகவேண்டும், என் இடம் வெண்டெலுக்குப் போகும். சீட்டைக் கீழே வைத்து விலகினால் வெண்டெல் அடுத்த ஆட்டத்தில் விழுவான், எனக்கு இடம் உறுதி. உன் அப்பா முப்பத்தொரு வருஷம் கஸீனோவில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலை பார்த்தவர், நல்ல ஜோடி வந்து மனிதர்கள் நாசமானதைத்தான் அவர் அதிகம் பார்த்தார். "கையைப் பார்க்காத நோரா, மிச்சம் எத்தனை பேர்னு பாரு" என்று எனக்குச் சொல்வார். அன்று எனக்கு இரண்டு ஏஸ் வந்திருந்தாலும் கீழேதான் வைத்திருப்பேன். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புத்தி கெட்டவள் செய்கிற கணக்கா இது?

என் தப்பு வேறு. சீட்டைக் கவிழ்த்து நகர்த்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் இரண்டையும் முகம் மேலே தெரிய மேசையில் வைத்தேன். இதைக் கீழே வைக்க எனக்குத் துணிச்சல் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்ற எண்ணம்தான். அகந்தை கூடாது என்று பள்ளியில் கன்னியர் மடத்துச் சகோதரிகள் எட்டு வருஷம் முட்டி போட வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள், எழுபத்தொன்பது வயதில் அதை மறந்தேன். ஹார்லன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான், ஒன்றுக்கும் உதவாத ஒரு ஒன்பதும் ஒரு நாலும். "என்ன மேடம், ராஜா ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு ஓடுறீங்க, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா இல்லையா" என்றான், மேசையே சிரித்தது. வெண்டெல் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தம்மாவுக்கா மறதி? என்னைக் கொல்றதுக்குன்னே கீழ வெச்சிருக்காங்கடா, பாவி" என்றான். அவனுக்குப் புரிந்தது. அடுத்த ஆட்டத்திலேயே அவன் போனான், எழுந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனான். எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் செல்போனில் யாரோ எடுத்த வீடியோ ஹார்லன் சிரிப்பதோடு முடிகிறது, டெஸ்மண்ட் பார்த்தது அதைத்தான்.

மறுநாளே அவன் வந்தான். வீடு, வங்கி, கார் சாவி எல்லாம் அவன் பொறுப்புக்குப் போகும்படி வக்கீலிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கிவிட்டான், என்னை அவன் வீட்டுப் பக்கத்திலுள்ள முதியோர் விடுதியில் சேர்க்கப் போகிறானாம். "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், சும்மா அடம் பிடிக்காதீங்க" என்கிறான். பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் நீதிமன்றத்தில் சீக்கிரம் முடியுமாம். அந்தப் பத்திரம் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அவன் கெட்டவன் இல்லை, கொலெட். பயந்திருக்கிறான். அப்பா போன பிறகு கூரைப் பனியைத் தள்ள வாரம் தவறாமல் வருகிறவன் அவன்தான்.

இனி, டெஸ்மண்டுக்குத் தெரியாத ஒன்றையும் உனக்குச் சொல்லவேண்டும், எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் அதுவும் பொய்தான். ஆட்டம் முடிந்து இடத்தைப் பதிந்துகொள்ளக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் பெயர் கேட்டாள், சொன்னேன். முகவரி கேட்டாள், அதையும் தெளிவாகச் சொன்னேன், கதவு எண்ணோடு. அவள் எழுதிக்கொண்டாள். காரில் ஏறிச் சாவியைத் திருப்பும்போதுதான் தெரிந்தது, நான் சொன்னது மொன்டானாவில் என் அப்பா வீட்டு முகவரி. அந்தத் தெருவையே செம்புச் சுரங்கம் தின்று அறுபது வருஷம் ஆகிறது, இப்போது அந்தக் குழியில் தண்ணீர்தான் நிற்கிறது. திரும்பிப் போய்த் திருத்தினேன். ஆனால் சொன்னபோது ஒரு சந்தேகம்கூட வரவில்லை. சீட்டில் அப்படி நடந்ததில்லை, சீட்டு எல்லாம் நினைவிருக்கிறது. இப்படித் தடுமாறுவது முதல் தடவையும் இல்லை.

ஆகவே எப்போது கீழே வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஜூன் போட்டிக்கு வெண்டெல் என்னைத் தன் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்கிறான். போய்வந்ததும் நானே டெஸ்மண்டைக் கூப்பிட்டு என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன், கார் சாவியை இப்போதே கொடுக்கிறேன். என் கையில் இருப்பதை நானாக வைக்கவேண்டும், யாரும் பிடுங்கி வைக்கக் கூடாது. நான் கேட்பது அந்த நாலு மாதம்தான். இதற்கு மேல் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன், உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

குழந்தையை வெறும் காலோடு தரையில் நடக்கப் பழக்காதே. நீ ராத்திரி வேலை முடிந்து தனியாக வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள். மாதா உங்கள் மூவரையும் தன் பார்வையில் வைத்திருக்கட்டும், தினமும் உன் பெயரை முதலில் சொல்லித்தான் ஜெபம் தொடங்குகிறேன்.

கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்பதை எனக்குக் கடிதமாக எழுது. தொலைபேசியில் சொல்லாதே. போன ஞாயிறு நாம் அரைமணி நேரம் பேசினோம் என்று சார்லீன் சொல்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவில்லை. எழுதினால் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொள்வேன்.

உன் அம்மா,
ஹொனோரா கல்லிவன்