கிளிமூக்குத் தூக்குவிளக்கு குறித்துச் செவ்வரை அரசி விடுத்த ஓலை

வாழி. நலம் பெருகுக. தேனடை காயாத செவ்வரை நாட்டின் காவலரும், கணவாய்கள் அனைத்துக்கும் உரியவரும், வேங்கைக் கொடியுடைய பெருமகனாருமாகிய கோ நெடுவேளரையர் திருமுன்புக்கு, அவர் இல்லாத காலத்தில் அவர் அரியணைக்கு அருகே சிறிய இருக்கையில் அமர்ந்து ஆணை செலுத்தும் பட்டத்தரசி விடங்கிநங்கை சொல்ல, ஓலைநாயகம் கண்டனார் எழுதியது. தாங்கள் தங்கியிருக்கும் பவழத்துறைக்கும், அதன் கலங்களுக்கும், உப்பளங்களுக்கும், அத்துறையை ஆளும் அரசி பூதி இளநாச்சியாருக்கும் எல்லா நலமும் உண்டாகுக. கடைசிப் பெயரைச் சொன்னபோது என் குரல் இறங்கியதாம்; கண்டனார் நிமிர்ந்து பார்க்கிறார். நலம் உண்டாகுக என்றே எழுதும்படி மறுபடியும் சொல்லியிருக்கிறேன்.

நாட்டுச் செய்திக்கு முன், தாங்கள் புறப்பட்ட காலையில் வெளிமுற்றத்தில் நாம் பேசியதை நினைவூட்டுகிறேன். குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்:

"அந்த அரசி ரொம்பப் பேசுவாங்களாமே?"

"தூதர் அப்படித்தான் சொன்னார்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"நான் பேசினா மட்டும் கொட்டாவி வருது?"

"நங்கை, உன் பேச்சு எனக்குத் தாலாட்டு. அவங்க பேச்சு நாட்டு வேலை. நாட்டு வேலையில தூங்க முடியுமா?"

குதிரைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாங்கள் கணவாயைத் தாண்டிய பிறகுதான் அது புகழ்ச்சியா என்று யோசிக்கத் தொடங்கினேன். இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

தாங்கள் விடுத்த ஓலைகள் முறையே வந்து சேர்ந்தன. முதல் ஓலையில் வழியும் வெயிலும் குதிரைகளின் நலமும் இருந்தன. அடுத்ததில் உடன்படிக்கைப் பேச்சும், துறைமுனையில் எழும்பும் கலங்கரை விளக்கமும் இருந்தன. அதற்கடுத்ததில் இளநாச்சியார் இருந்தார். பெரிய விளக்குகளை ஒற்றை ஆள் ஏற்றி இறக்கும் பொறியை அவர் மணலில் கோடு கிழித்துத் தங்களுக்கு விளக்கியதாகவும், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார் என்றும், அலையிரைச்சலிலும் அவர் குரல் தெளிவாகக் கேட்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். சங்கிலி தங்கள் விரலைக் கடித்தபோது அவரே மஞ்சள் அரைத்துக் கட்டினார் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த அரண்மனையில் தம் பாதக்குறடு எந்த மூலையில் கிடக்கிறது என்று அறியாத ஒருவர், அங்கே போய்ச் சக்கரம் சுழற்றக் கற்றுக்கொண்ட செய்தி அவையில் வாசிக்கப்பட்டபோது நான் தலையசைத்தேன். பெருமையால் அசைத்தேன் என்று அவையோர் எண்ணிக்கொண்டார்கள்.

பிறகு அந்தப் பொறியே வந்து இறங்கியது. பவழத்துறைப் படகுத் தலைவர் மாடுகளில் ஏற்றி, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டிகளில் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் என் தோழி நீலி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "தாயே, இது விளக்கா கருவாடா? அந்த ஊரே உள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கே!" என்றாள். அவளைக் கடிந்துகொள்வது அரசியின் கடமை. கடிந்துகொள்ளவில்லை.

படகுத் தலைவர் தம் அரசியின் வாய்மொழியைப் பணிந்து தெரிவித்தார். "அக்காவுக்கு இந்தத் தங்கையின் அன்பு" என்பது அதன் தொடக்கம். என் வயதை விசாரித்துத் தெரிந்துகொண்டு அக்கா என்றாரா, விசாரிக்காமலே என்றாரா என்பது தெரியவில்லை. இரண்டில் எது மேல் என்றும் தெரியவில்லை. அதன்பின் படகுத் தலைவர் பொறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். உத்தரத்தில் இரண்டு கப்பிகள், அவற்றின் மேலோடும் சங்கிலி, ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் விளக்குக்கு ஈடாக மணல் நிரப்பிய பித்தளைக் குடம், இழுப்பதற்கு ஒரு வளையம் என்று விரித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு உறுப்புக்கும் "எங்க நாச்சியாரும் உங்க அரசரும் சேர்ந்து" என்று சேர்த்துச் சொன்னார். சங்கிலியின் பல்சக்கரத்தருகே இருந்த பித்தளைக் கிளிக்கு அவர் வந்தபோது, "போதும். எங்க ஊர்லயும் விளக்கு உண்டு. போய்ச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அவையில் விளைந்த குழப்பத்துக்கு அதுவே வித்து என்பதைத் தாங்கள் வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன் நானே தெரிவிக்கிறேன்.

கிளி பவழத்துறையின் கொடிச்சின்னம். ஆகவே அது அந்நாட்டின் மதிப்பு என்று முதலமைச்சர் காரியார் முடிவு செய்தார். பிறநாட்டுச் சின்னத்தை வெறுமையாக வைக்கலாகாது என்று சந்தனம் பூசி, பட்டுச் சுற்றி, பட்டின் மேல் மாலையும் இறுகக் கட்டினார். கிளியின் மூக்கு சக்கரத்தின் பல்லில் பதிந்தால்தான் விளக்கு வைத்த உயரத்தில் நிற்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூக்கு பட்டுக்குள் இருந்தது.

மண்டபத்தில் காவல் விளக்கின் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொறியை மாட்டினார்கள். அன்று அந்தியில் அவை கூடியது. பழைய அளவின்படியே எண்ணெய் ஊற்றினேன். குடத்து மணலுக்கு அது சற்று அதிகம். விளக்கு மேலே போய் நின்றதைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். காரியார் நேர்கீழே நின்று தங்கள் புதிய ஓலையை வாசிக்கத் தொடங்கினார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் பெருவிளக்கைத் தொங்கவிடும் வேலை முடியவில்லை என்றும், உடன்படிக்கை அதன் முதல் ஒளியில்தான் கையெழுத்தாகும் என்றும், ஆகவே மழைக்காலம் முழுதும் பவழத்துறையிலேயே தங்கப் பட்டத்தரசியின் இசைவு வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். நான் அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கைப் பார்க்கவில்லை. அது மெல்ல மெல்ல, யாருக்கும் ஓசை காட்டாமல், முதலமைச்சரின் தலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அரச ஓலை வாசிக்கப்படும்போது வாய் திறப்பது குற்றம். படைத்தலைவர் கண்ணை உருட்டினார். பண்டாரக் காவலர் தம் தலைப்பாகையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தம் தலைப்பாகை அழகாக இருப்பதைப் பாராட்டுகிறார் என்று எண்ணிக் காரியார் இன்னும் நிமிர்ந்து நின்றார். "மழைக்காலம் முழுதும்" என்ற இடத்தை அவர் இரண்டாம் முறை அழுத்தி வாசித்தபோது, பெண்கள் பக்கமிருந்து நீலி எழுந்து கத்தினாள்:

"அய்யா, தலை புகையுது!"

தலைப்பாகையை வீசி, மிதித்து, நீர் ஊற்றினார்கள். காரியாருக்கு ஒரு முடி கூடக் கருகவில்லை. சினம் மட்டும் இன்னும் ஆறவில்லை. தாங்கள் புறப்பட்ட பிறகு அன்றுதான் நான் சத்தமாகச் சிரித்தேன். என்னைச் சிரிக்க வைத்ததும் இளநாச்சியாருடைய பொறிதான் என்று உறைத்தபோது சிரிப்பு நின்றது. மண்டபத்தில் மழைக்காலம் மட்டும் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பொறியில் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற உறுதியோடு தனியே மண்டபத்துக்குப் போனேன். கிளியைச் சுற்றிய பட்டுத்துணியை அவிழ்த்தேன். கிளி மூக்கைப் பல்லில் வைத்தது. விளக்கு அசையாமல் நின்றது. கிளியின் வாலை அழுத்தி வளையத்தை ஒரு விரலால் இழுத்தேன். பெரிய பித்தளை விளக்கு பசுங்கன்று போல என் அருகே வந்து நின்றது. திரும்ப அனுப்பினேன், போயிற்று. சங்கிலி கிறீச்சிடவில்லை. எண்ணெய் சிந்தவில்லை. கரி விழவில்லை. இத்தனை குறையில்லாத பொருளை மற்றொரு பெண் செய்து அனுப்பினால் பெறுகிறவள் என்ன பாடுபடுவாள் என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஒன்று மட்டும் வியப்பாக இருந்தது. நான் குட்டை என்பது நாடறிந்தது. இந்த மண்டபத்தில் மணிக்கயிறு முதல் திரைவடம்வரை எல்லாவற்றுக்கும் எம்பித்தான் கை நீட்டுவேன். அந்த வளையம் சரியாக என் தோளின் உயரத்தில் இருந்தது. படகுத் தலைவரை அழைத்து, இந்த அளவு எப்படி வந்தது என்று கேட்டேன். முதல் நாள் நான் பேச்சை வெட்டியதை மனத்தில் வைக்காமல் அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"உங்க அரசர்தான் தாயே அளவு குடுத்தாரு. தன் நெஞ்சுல கையை வச்சு, 'இவ்வளவுதான் இருப்பா. விளக்குக் கயித்து முடிச்சை எட்டி எட்டிப் பிடிச்சே உள்ளங்கை காய்ப்பு ஏறிப்போச்சு, ராத்திரி விளக்கெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வலிக்கலைன்னு பொய் சொல்லுவா'ன்னாரு. எங்க நாச்சியார் உடனே, 'அப்ப அவங்களையும் கூட்டியாந்திருக்கலாமே, என்ன மனுசன் நீங்க'ன்னு கேட்டாங்க. 'விளக்கு அவளை விடாது'ன்னு உங்க அரசர் சொன்னாரு. அன்னைக்குத்தான் எங்க நாச்சியார் மணல்ல கோடு போட உக்காந்தாங்க."

என் தோளின் உயரத்தை இன்னொரு பெண்ணுக்குக் கைவைத்துக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு மகிழ்வதா சினப்பதா என்று அன்று முழுதும் தடுமாறினேன். ஆனால் என்னை உள்ளே சுட்டது அதுவன்று. ஒவ்வொரு பயணத்தின் போதும் சேணத்தருகே நின்று நான் விழுங்கிய ஒரு சொல்லை, முகம் அறியாத அந்தப் பெண் எனக்காக ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். தங்கள் விரலுக்கு அவர் மஞ்சள் கட்டியதைக் கூடப் பொறுத்தேன்; இதைப் பொறுக்க முடியவில்லை. என் வேண்டுதல் என் குரலில் அல்லவா தங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்?

முறை என்னவென்று தாங்கள் அறிவீர்கள். அரசர் எல்லைக்கு அப்பால் இருக்கும் நாட்களில் இந்தக் காவல் விளக்கு அந்திதோறும் எரிய வேண்டும். அதன் கயிற்று முடிச்சைப் பட்டத்தரசியே போட்டு அவிழ்க்க வேண்டும். அந்த முடிச்சை அத்தை மருமகளுக்கு மட்டுமே காட்டித் தருவார். முடிச்சுப் போட்டவள் அரசர் திரும்பும்வரை ஊரெல்லை தாண்டலாகாது. இப்போது கயிறும் இல்லை, முடிச்சும் இல்லை. ஆகவே காரியாரை வரவழைத்து, இனி அந்தக் கட்டு உண்டா என்று முறைப்படி வினவினேன். புதிய தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விளக்கைவிட்டு நெடுந்தூரம் தள்ளி நின்று அவர் விடை சொன்னார்.

"முடிச்சே இல்லேன்னா முடிச்சுக்காரிக்கு இங்கே என்ன வேலை தாயே? அந்தியில விளக்கு எரியணும், அவ்வளவுதான் முறை. நீலி இழுத்தாலும் எரியும். நான் மட்டும் அதுங்கிட்டப் போக மாட்டேன்."

இதனால் அறிவிப்பது: பவழத்துறையோடு செய்யும் உடன்படிக்கைக்கு இந்த அவையும் நானும் இசைகிறோம். கலங்கரை விளக்கம் முடியும்வரை, மழைக்காலம் முழுதும் தாங்கள் அங்கே தங்குவதற்கும் இசைகிறோம். பொறியைச் செய்தளித்த இளநாச்சியாருக்குச் செவ்வரையின் தேனும் அகிலும் இந்த ஓலையோடு வருகின்றன. அக்கா அனுப்பியது என்று சொல்லிக் கொடுக்கவும். காவல் விளக்கை ஏற்றும் பொறுப்பு நீலிக்கு ஒப்படைக்கப்பட்டது. அரியணைப் பணியைக் காரியார் ஏற்கிறார். இவற்றுக்கு அடையாளமாக வேங்கை முத்திரை இடப்படும்.

முத்திரைக்கு முன் ஒரு வரி இடம் இருக்கிறது. முத்திரை பெறும் ஓலையை அரசி தன் கையால் எழுதலாகாது, வாய்விட்டுச் சொல்லியே எழுதுவிக்க வேண்டும் என்பதும் நம் முறைதான். இத்தனை ஆண்டுகளில் இந்த ஒரு செய்தியை என்னால் ஓலையிலும் அனுப்ப முடியாமல் போனதற்கு அதுவே காரணம். கண்டனார் காதில் விழாமல் அது ஓலையில் ஏற வழியில்லை. காவலர்களை வெளியே அனுப்பிவிட்டேன். நீலி போக மறுத்துத் தூணருகே நிற்கிறாள். கண்டனார் என் முகத்தைப் பார்க்காமல் எழுத்தாணியின் நுனியையே பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க தாயே, மெதுவா சொல்லுங்க" என்கிறார். அரச நடைக்கு மாற்றாமல், என் வாயில் வருவதை வருகிறபடியே எழுத வேண்டும் என்று ஆணையிட்டுச் சொல்கிறேன்.

"எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலை. உங்க பக்கத்துல இருக்கணும். நீங்க போற ஊருக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போங்க."