வெந்நீரில் சுருங்கிய குவைத் சட்டை

அரிமளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை விக்ரமும் நோய் நொடி இல்லாமல் இருக்கத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் என்றுதான் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது, யாரும் கிளம்பி வரக் கூடாது என்று நீ போட்ட உத்தரவை இந்த வீட்டில் இன்றுவரை யாரும் மீறவில்லை. போன வருஷம் நீ பட்டது போதும் தாயி, உன் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போனில் பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க குளிரா, குளிருதுப்பா, அதோடு முடிந்துவிடுகிறது. வைத்த பிறகு உன் அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் நீ நடுவில் கட் பண்ண முடியாது அல்லவா.

இங்கே நல்ல மழை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தது சரியாகிவிட்டது, இப்போது என் சட்டையில் இருக்கும் கறை எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் எனக்குக் கஷ்டகாலம். நான் கண்ணாடி மாற்றப் புதுக்கோட்டைக்குப் போயிருந்த நேரத்தில் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கியிருக்கிறாள். அதற்குள் என்னுடைய காப்பிக்கொட்டைக் கலர் சுவெட்டர் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். குவைத்தில் டிரெய்லர் ஓட்டிய காலமெல்லாம் மார்கழி, தைக் குளிருக்கு அதுதான் எனக்குத் துணை. நான் லீவில் வந்தால் நீ அதற்குள் தலையை விட்டு முழுசாகப் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டாய். சட்டை என்கிட்ட இருந்தா நீ எப்புடிப் போவே என்று கேட்பாய். நீ தூங்கிய பிறகு உருவி எடுத்துக்கொண்டுதான் நான் பிளேன் ஏறுவேன். அந்தச் சட்டையைத்தான் பூச்சி வாடை அடிக்கிறது என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு முக்கி, துவைக்கிற கல்லில் நாலு சாத்துச் சாத்தி, முறுக்கிப் பிழிந்து காயப்போட்டிருக்கிறாள். அழுக்கு வேட்டிக்குச் செய்கிற வைத்தியத்தைக் கம்பளிக்குச் செய்தால் என்ன ஆகும்? நான் வந்து பார்க்கும்போது கொடியில் பால்வாடிப் பிள்ளை அளவுக்கு ஒரு சட்டை, ஜமுக்காளம் மாதிரி தடித்துப் போய்த் தொங்குகிறது. இது யாரு வீட்டுப் புள்ளை சட்டை என்று கேட்டேன். அவள் முழித்த முழியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அடிப்பாவி, பாலைவனத்துல கிழியாததை ஒரு குண்டான் வெந்நீர்ல கொன்னுட்டியே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். சட்டைதானே சுருங்குச்சு, ஒங்களுக்கு மனசுமா சுருங்கிருச்சு என்று அவள் பதிலுக்குக் கேட்டாள். உன் அம்மாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் எவன்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் உன் கூடப் படித்த ஷர்லி வந்தாள். இப்போது இங்கேயே டீச்சராக இருக்கிறாள், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கப் பழைய கம்பளியில் குருவி, ஆட்டுக்குட்டி என்று பொம்மையெல்லாம் தானே செய்கிறாள். அவள் அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். மாமா, இதை இப்புடித் தடிக்க வைக்கிறதுக்குன்னே அவனவன் மெனக்கெடுறான், அத்தை சும்மா ஒரே அடியில செஞ்சுட்டாங்க, இதை வெட்டினா நூல் பிரியாது என்றாள். மறுநாள் ஒரு ஸ்பாஞ்சும் நாலைந்து ஊசியும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊசிக்குக் காது கிடையாது, நூலும் கிடையாது, உடம்பெல்லாம் பொடிப்பொடியாக முள் வெட்டியிருக்கும். கம்பளியைப் பஞ்சாகப் பிய்த்து உருட்டி அதைக் குத்து குத்து என்று குத்திக்கொண்டே இருந்தால் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகிறது. கோபக்காரனுக்கு ஏற்ற வேலை. நானும் இரண்டு கட்டை விரலிலும் ரத்தம் பார்த்துவிட்டேன். முதலில் யானை செய்தேன், அது பெருச்சாளியாக வந்தது. டவுன் பஸ் கண்டக்டர் நாகராசுக்குச் சாவிக்கொத்தில் மாட்ட ஒரு காளை செய்து கொடுத்தேன், வாங்கிப் பார்த்துவிட்டு ஏண்ணே, பணியாரத்துக்கு எதுக்குக் கொம்பு வச்சிருக்கீங்க என்கிறான்.

வெட்டி வெட்டி அந்தச் சட்டையில் கடைசியாக ஒரு கை மிஞ்சியது. உன் அம்மா அதை எடுத்துத் தோள் பக்கத்து வாயை விரித்துத் தன் முழங்கால் முட்டியில் மாட்டிப் பார்த்தாள். பச்சைப்பிள்ளைத் தலைக்குக் குல்லா வைத்தது மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒண்ணு செஞ்சு வைப்போமா என்று நான் கேட்டதுதான் தாமதம், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். போன தடவை வளைகாப்பும் வளையலும் புதுத் தொட்டில் சேலையும்னு ஆடுனது போதாதா, ஒண்ணும் செய்ய மாட்டேன்னு ஏ மகளுக்கு வாக்குக் குடுத்துருக்கேன், சும்மா கெடங்க என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்று சாயந்தரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். ஏங்க, பொறந்த புள்ளைக்கு நம்ம சனம் மொதமொதல்ல புதுத்துணியா போடும்? இல்லையே, பழசுதானே என்றேன். சுடரை மொதல்ல சுத்துனது ஒங்க அப்பா கட்டிப் பழசான வேட்டியிலதானே, நல்லா வாழ்ந்தவுக துணிதான் புள்ளைக்கு ஆகும்பாங்கள்ல, அவ புதுசுதானே வேண்டாம்னா என்றாள். கீரை எல்லாம் மடியில் கொட்டிக் கிடக்க அப்படியே உட்கார்ந்து அழுதாள் தாயி. நான் போய்ப் பீரோச் சாவியை எடுத்து வந்தேன்.

அதில்தான் குல்லா செய்திருக்கிறோம். கம்பளி உறுத்தும் என்று உன் அம்மா, கட்டிக் கட்டி நைந்துபோன தன் நூல் சேலையைக் கிழித்து உள்ளே வைத்துக் கையாலேயே தைத்தாள். நான் ஷர்லியின் பழைய மஞ்சள் மப்ளரைப் பிய்த்து ஓரத்தில் ஓர் ஆவாரம்பூ குத்தியிருக்கிறேன். உன் அம்மா அதை ஆஃப் பாயில் என்கிறாள், நீ நம்பாதே. ஊசி முனை ஏதும் ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று ஷர்லி காந்தம் வைத்துப் பார்த்துவிட்டாள். இந்தக் கடிதத்தோடு அந்தப் பொட்டலமும் வரும். இப்போது பிரிக்க வேண்டாம், மாப்பிள்ளையிடம் கொடுத்து உன் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல். நேரம் வரும்போது பிரி. உன் பயம் இன்னொன்றையும் நினைக்கும், எனக்குத் தெரியும். என்ன ஆனாலும் அது உன் அப்பன் சட்டைதான், உன் அம்மா சேலைதான். நீயே எடுத்து மடியில் வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குனிந்து எதையும் தூக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீ சொன்னபடி நாங்கள் யாரும் வரவில்லை, புதுசாக எதுவும் வாங்கவும் இல்லை. சட்டைதான் வருகிறது, இந்தத் தடவை நீ தூங்கினாலும் யாரும் உருவிக்கொண்டு போக மாட்டார்கள்.

மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கள். மூன்று என்று எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் அப்பா,
திருமுருகன்.

மறந்துவிடாதே, வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதே. இதற்கு மேல் சுருங்க அதில் இடம் இல்லை என்று அம்மா எழுதச் சொல்கிறாள். யார் சொல்வது பார்.