மூன்று கேமராவும் ஒரு மஞ்சள் கட்டமும்

2 மார்ச் 1991, பிரிக்ஃபீல்ட்ஸ்

டிசம்பரில் நானும் மனைவி புஷ்பவல்லியும் இந்தியா போகிறோம். "ஒரே ஒரு கேமராதான்" என்று வீட்டு மகாராணியின் உத்தரவு. அதனால் சிவகுரு அண்ணன் ஸ்டுடியோவிலிருந்து மூன்றை வாரத்துக்கு ஒன்றாக இரவல் வாங்கிப் பார்க்க ஏற்பாடு. மூன்றுமே பெரிய ஃபிலிம் போடுகிற சாதி. பயணத்துக்கும் தோதாக இருக்கணும், தினம் ரயில் ஓட்டப் போகும்போது டியூட்டிப் பையில் சாப்பாட்டு டப்பா பக்கத்திலும் உட்காரணும். அதுதான் பரீட்சை.

முதல் ஆளுக்குப் 'பெரியவன்' என்று பேர் வைத்தேன். அடேங்கப்பா, என்ன கனம்! ரோலுக்கு எட்டே படம். வெளிச்சம் அளக்க மீட்டரும் கிடையாது.

இந்த மாதிரி கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் நடுவில் சின்ன மஞ்சள் கட்டம். கட்டத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் கூர்மை. பெரியவனின் கட்டம் ரொம்ப மங்கல். பத்துக்கு நாலு மார்க்.

6 மார்ச்

நெகட்டிவ் வந்தது. உள்ளங்கை அகலம்! லேக் கார்டன் மரத்தில் இலை இலையாக எண்ணலாம். ஆனால் பையில் இவன் ஏறினால் சோறு இறங்கணும்.

9 மார்ச்

இரண்டாமவன் 'மடக்கு'. மடித்தால் பைபிள் அளவு. பதினைந்து படம். ஒரு கிறுக்குத்தனம் - நேராகப் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக வருகிறது. அகலமாக வேணும்னா சாய்க்கணும். தோசை சுடுகிற புஷ்பவல்லியை எடுக்கப் போனேன். ஒரு மீட்டருக்குக் கிட்ட போனால் இரண்டு உருவமும் ஒன்று சேராது. "கொஞ்சம் பின்னால போ" என்றேன். "பின்னால சுவர்தான் இருக்கு, நீங்க போங்க" என்றாள்.

இவன் கட்டம் இன்னும் மோசம். பத்துக்கு மூணு.

16 மார்ச்

மூன்றாமவன் 'சதுரம்'. சதுரப் படம் பன்னிரண்டு. கேமராவை எப்படித் திருப்பிப் பிடிப்பது என்ற யோசனையே வேண்டாம். லென்ஸை உள்ளே அமுக்கினால் தட்டையாகிவிடுகிறது, சாப்பாட்டு டப்பாவோடு சண்டை இல்லை. ஷட்டர் சத்தம் பக்கத்தில் தூங்குகிறவரைக்கூட எழுப்பாது. பேட்டரி செத்தால் இவனும் செத்தான், அது ஒரு குறை.

எல்லாம் சரி, மஞ்சள் கட்டம்? இதுவும் மங்கல்! நேராக ஸ்டுடியோவுக்குப் போய்க் கத்திவிட்டேன். சிவகுரு அண்ணன் மூன்றையும் கண்ணில் வைத்துப் பார்த்தார். "மூணுமே பளிச்சுன்னு இருக்கு தம்புசாமி. உனக்கு என்ன கோளாறு?" விற்கிறவர் அப்படித்தானே சொல்வார்.

17 மார்ச்

கோபம் இன்னும் ஆறலை. பசியாறக்கூடப் பிடிக்கலை.

20 மார்ச்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்ற இரண்டு மணி நேரம் நின்றோம். என் உதவி டிரைவர் கன்னையாவிடம் சதுரத்தைக் கொடுத்தேன். "கட்டம் தெரியுதாடா?" "சும்மா ஜம்முன்னு தெரியுதுண்ணே." அவன் எந்த ஸ்டுடியோவில் விற்கிறான்? வாங்கி மறுபடி பார்த்தேன். மங்கல்தான். கன்னையா இடது கண்ணில் வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. நானும் சும்மா இடது கண்ணுக்கு மாற்றினேன்.

பளிச்.

வலது - மங்கல். இடது - பளிச். வலது. இடது. எத்தனை தடவை மாற்றினேனோ. கெட்டது கேமரா இல்லை. என் கண். ஐயோ, நான் ரயில் ஓட்டுகிறவன்!

21 மார்ச்

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அதனால்தான் தெரியாமல் போச்சா? இடதை மூடிக்கொண்டு தெருவிளக்கைப் பார்த்தேன். பஞ்சு மாதிரி விரிந்து கிடந்தது.

புஷ்பவல்லியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டியூட்டியில் கன்னையாவிடமும் சொன்னேன். அவன் சொன்னது: "அக்டோபர்லதான் மெடிக்கல். அதுவரைக்கும் யாருக்குத் தெரியப் போகுது? விடுங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்லா."

23 மார்ச்

சிக்னல் தெரிந்ததும் ஒருத்தர் நிறத்தைச் சத்தமாகச் சொல்லணும், மற்றவர் திருப்பிச் சொல்லணும். அதுதான் எங்கள் வழக்கம். "பச்சை." "பச்சை." இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறேன், வாய் தானாகச் சொல்லும்.

இன்றைக்கு நல்ல மழை. கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் கன்னையாதான் முதலில் சொன்னான். எப்போதிலிருந்து இப்படி? நான் சிக்னலைப் பார்த்துச் சொல்கிறேனா, அவன் சொன்னதைக் கேட்டுச் சொல்கிறேனா? அவனுக்கு ஒரு தடவை கண் அசந்தால்?

நான் ஓட்டமாட்டேன். ஓட்டக் கூடாது.

25 மார்ச்

ஃபோர்மன் வீரசிங்கத்திடம் சொல்லிவிட்டேன். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "கேமரா சார்." சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படிவத்தை எடுத்தார். மத்தியானத்திலிருந்து ஆபீஸ் மேசை வேலை.

கன்னையா முகம் கொடுத்துப் பேசலை. அழுதுட்டானோ என்னவோ.

6 ஏப்ரல்

கண்புரை. ஜூனில் ஆபரேஷன். ஓட்ட விடுவதா இல்லையா என்று அப்புறம் மருத்துவ போர்டு சொல்லுமாம்.

சிவகுரு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கண்ணு தெரியாதவன்கிட்ட என்ன கோபம்" என்று கிண்டல் பண்ணிக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். மார்க் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இடது கண்ணால் புதிதாகப் போட்டேன். சதுரம்தான் ஜெயித்தது, வாங்கியும்விட்டேன். இடது கண்ணை வைத்தால் என் மூக்கு கேமரா முதுகில் நசுங்குகிறது. பரவாயில்லை, மூக்குக்கு அங்கே வேறு வேலை இல்லை.

2 ஜூலை

கட்டுப் பிரித்து வாரக்கணக்காச்சு. வலது கண்ணில் மஞ்சள் கட்டம் - பத்துக்குப் பத்து! புஷ்பவல்லியின் மூக்குத்திக் கல் இரண்டாகத் தெரிந்து ஒன்றானதைப் பார்த்துக் கத்தியேவிட்டேன்.

19 செப்டம்பர்

போர்டு: ஓட்டும் வேலைக்குத் தகுதியில்லை. ஆபரேஷன் செய்த கண்ணோடு ஓட்ட விதி இடம் தராதாம்.

12 அக்டோபர்

கிள்ளான் ஸ்டேஷனில் கண்டெய்னர் ரயில் சிக்னலுக்காகக் காத்து நின்றது. என் இடத்தில் கன்னையா. டிரைவராகி இன்றைக்கு முதல் நாள். கேமராவை எடுத்தேன். கட்டத்துக்குள் இரண்டு கன்னையா. வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினேன்.

"தெரியுதாண்ணே?"

"உன் சட்டையில மேல் பட்டன் போடலை. போடுடா."

போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தான். எடுத்தேன். வண்டி நகர்ந்து வளைவு திரும்புகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் கவுண்டருக்குப் போய், வீட்டுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.