மாதிரி வீட்டுக் கட்டில்

ஞாயிறு, இரவு.

நான் தினமும் தூசி தட்டும் மாதிரி வீட்டைப் பார்க்க இன்று அப்பா வந்தார். அந்தப் புது லேஅவுட்டில் முன்பக்கம் வில்லாக்கள், பின்பக்கம் எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன ஃபிளாட்டுகள்; இது அந்த ஃபிளாட்டின் மாதிரி. இப்போது ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில் புரண்டு படுக்கவே இடமில்லை.

“கட்டில் போட்டும் சுத்தி நடக்கலாம் போலருக்கே! நாளைக்கே கையெழுத்து போட்டுர்றேன் சார்,” என்றார் அப்பா.

அறை பெரிதாகத் தெரியக் கட்டிலை நீளம் குறைத்துக் குட்டையாகச் செய்திருக்கிறார்கள். சேல்ஸ் சார் எதிரில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கட்டிலில் ஏறிப் படுத்துக் காட்டினேன். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அப்பா அசந்துபோனார். “அடிப்பாவி, எப்போ இவ்ளோ வளந்த? அங்க சுருண்டு படுக்கறதுல தெரியவே இல்ல. உனக்காகவே இத வாங்கணும்டி!”

“ஹௌதுண்ணா, வளர்ற பொண்ணு,” என்று கன்னடம் கலந்து ஆமோதித்தார் சேல்ஸ் சார், என்னை முறைத்தபடி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார். அது போன தீபாவளிக்குப் போட்ட கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ கட்டில்தான் குட்டையா?”

தலையாட்டினேன். அதற்கு வாய் தேவைப்படவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் அளக்கும் டேப்பை இரவல் கேட்கப் போயிருக்கிறார்.