கண்ணாடி வேண்டாம் என்றவருக்கு

யாச்சினின் அப்பாவுக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நேற்று உங்கள் பெண்ணை டவுனுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டுவிட்டேன். கத்துவதானால் கத்திக்கொள்ளுங்கள்.

"சின்ன வயசுல கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுடும். ஸ்கூல்ல செய்யற கண் பயிற்சியே போதும்" என்பீர்கள். தினமும் இரண்டு வேளை, ஒலிபெருக்கிப் பாட்டுக்குக் கண்ணைச் சுற்றித் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். தேய்த்து முடித்துத் திறந்தால் கரும்பலகை அதே மங்கல்தான். குவாங்சோ கண்ணாடித் தொழிற்சாலையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறீர்களே, சொந்தப் பெண்ணுக்கு மட்டும் அது ஆகாதா?

போன வசந்தத் திருநாளுக்கு, புத்தாண்டு லீவில் நீங்கள் ஊருக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, அவள் "அப்பா!" என்று வேறு யாரிடமோ ஓடினாள். "பெத்த அப்பனையே மறந்துட்டா" என்று மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நீங்கள்.

நேற்று திரும்பும்போது அதே பஸ் நிறுத்தத்தில் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எல்லார் மூஞ்சியும் தெரியுதும்மா. இனிமே தப்பான ஆள்கிட்ட ஓட மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

சொல்லிவிட்டேன்.

அவள் அம்மா