விழுந்தது பல் என்றோம்

4-6-1938, சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்
இராஜபாளையத்திலிருந்து அவர் வந்தார். போன மாதம் பல் பிடுங்கிய இடது தாடை இன்னும் வீக்கம்தான். உப்புநீர் கொப்பளிக்கும்போது வெள்ளையாக ஒரு துணுக்கு கையில் விழுந்தது. "பல்லு ஒடிஞ்சு நின்னிருக்கு" என்று சிறுபிள்ளை மாதிரி அதைக் கூரைமேல் எறிந்தார். "புதுப்பல் முளைக்கும் பாரு ரத்தினம்." வயது நாற்பத்திரண்டு! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

அவருக்கு அங்கே மில், எனக்கு இங்கே பள்ளிக்கூடம். கலியாணமாகி ஒன்பது வருஷம். வாரத்துக்கு ஒன்றரை நாள்தான் புருஷன். தினமும் ஒரே வீட்டில் இருக்க எப்போது கொடுத்துவைக்கும்?

6-6-38
போய்விட்டார். திங்கட்கிழமையை யார் கண்டுபிடித்தார்களோ.

9-7-38
கீழுதடு மரத்துவிட்டதாம். தம்ளர் விளிம்பே தெரியவில்லை என்கிறார். டாக்டரிடம் போனோம். "எலும்புக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம். புற்றாவும் இருக்கலாம். ரெண்டும் ஒண்ணு போலத்தான் வீங்கும்" என்றார். எலும்புச் சில்லு ஏதும் தானாக விழுந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றோம், இரண்டு பேரும்.

28-7-38. மதுரை
படம் எடுத்தார்கள். எலும்பு பூச்சி அரித்தது போல இருக்கிறது. இரண்டு நோயிலும் படம் இப்படித்தான் வருமாம்! பிறகு படம் எதற்கு? சதைத் துணுக்கு ஒன்றை வெட்டிச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

14-8-38
சென்னையிலிருந்து பதில்: திட்டமாகச் சொல்ல இயலாது.

காத்திருந்தால் சீழாக இருந்து ஆறலாம். புற்றாக இருந்தால் ஆளே போய்விடும். மதுரைப் பெரிய டாக்டர் பாதித் தாடையை எடுத்துவிடலாம் என்கிறார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்னத்தச் சொல்ல? "வெட்டச் சொல்லுங்க. எனக்கு நீங்க இருந்தாப் போதும்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்.

2-9-38
புற்று இல்லை. வெட்டி எடுத்த தாடை எலும்பைச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். செத்த எலும்பும் சீழும்தான். "முன்னாடியே ஒரு சில்லு விழுந்து, அது தெரிஞ்சிருந்தா, கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்திருப்பேன்மா" என்றார் டாக்டர்.

ஐயோ, அது பல்லு இல்லையா? கர்த்தரே, அது பல்லு இல்லையா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரால் இன்னும் பேச முடியாது. என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்: எறிஞ்சது நான்.

12-11-38, சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்
அவர் பார்த்த மேஸ்திரி வேலைக்கு மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் வேண்டும். மில்லில் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். இரண்டு மாதமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார், தினமும். நான் கேட்டது இதைத்தான்.

சாயங்காலம் இராஜபாளையம் பஸ் ஆரன் அடித்தது. என்னை அறியாமல் எழுந்து வாசலுக்குப் போய், தலையைத் திருத்திக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். பின்னால் அவர் குரல். வேறு யாருக்கும் அது பேச்சாகவே கேட்டிருக்காது.

"யாரட்டி தேடுதே?"

எனக்குப் புரிந்தது.